பன்னிரண்டாவது பெண்

வெளிநாட்டிலிருந்து ஒரு சபையின் வாலிபர் குழு பத்து நாள் ஊழியத்துக்கு வருகிறது, ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அவர்கள் கூடவே இருக்க வேண்டும் என்று எங்கள் பாஸ்டர் ஆராதனை முடிந்ததும் அறிவித்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. திண்டிவனத்தில் பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, கீழ்புத்துப்பட்டு பக்கம் ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்புப் பெண்ணாக உட்கார்ந்திருந்தேன். தங்க வருகிறவர்களின் பாஸ்போர்ட்டை வாங்கி, நகல் எடுத்து, திருப்பிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அவற்றில் குத்தியிருக்கும் முத்திரைகளைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு பசி வந்திருந்தது. என்னிடம் பாஸ்போர்ட் கூடக் கிடையாது.

வந்தவர்கள் பதினான்கு பேர். எல்லோரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அவர்களை அழைத்து வந்த தலைவருக்கு மட்டும் நாற்பது இருக்கும். அவர்கள் நாட்டில் கோடை விடுமுறை என்பதால் ஜூன் மாதத்தில் வந்தார்கள். எங்கள் மரக்காணத்தில் ஜூன் என்றால் உப்பளத்தில் வேலை மும்முரமாக நடக்கிற காலம். வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், உப்பிலிருந்து திரும்பிக் கீழேயிருந்தும் அடிக்கும். உப்பைப் பற்றிய வேத வசனம் ஒன்றைத் தங்கள் நீல பனியன்களில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த வசனத்துக்காகவே எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்ததாகத் தலைவர் சொன்னார்.

முதல் நாளே அவர் என்னிடம் இன்னொன்றும் சொன்னார். அடுத்த வருடம் இங்கிருந்து இரண்டு பேரைத் தங்கள் சபைக்கு அழைக்கப் போகிறார்களாம். ஒருவர் பாஸ்டர். இன்னொருவர் நானாக இருக்கலாம். "இந்தப் பத்து நாள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம்" என்றார் சிரித்தபடி. மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை. நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

திட்டத்தில் கடைசிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலை, ஒரு நிகழ்ச்சி இருந்தது. உப்பளத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து இந்தப் பிள்ளைகள் அவர்களுடைய கால்களைக் கழுவுவார்கள். இயேசு சீஷர்களுக்குச் செய்த மாதிரி. அதைப் படம் எடுத்துத் தங்கள் ஊரில் காட்டுவார்கள். பன்னிரண்டு பெண்களைக் கூட்டி வருவது என் பொறுப்பு.

எந்தப் பெண் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் கால் கழுவிக்கொள்ள வருவாள்? மேஸ்திரியிடம் கெஞ்சினேன். புடவை தருவார்கள், பிரியாணி உண்டு என்று சொல்லிச் சொல்லிப் பதினோரு பேரைச் சேர்த்துவிட்டேன்.

பன்னிரண்டாவதாக நான் நினைத்திருந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் சபைக்காரர் இல்லை. புருஷன் செத்துப்போய், ஒரே மகளை வானூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். உப்பு வாருகிற பெண்களில் அவர் பேச்சுக்குத்தான் எல்லோரும் சிரிப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலை நான் பிள்ளைகளை உப்பளத்துக்குக் கூட்டிப்போனபோது, உப்பு வாரும் பலகையைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறிய ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். "இடுப்ப வளைக்காத கண்ணு, நாளைக்கி எழுந்திரிக்க மாட்ட" என்று அவர் தமிழிலேயே சொல்ல, அந்தப் பெண்ணுக்கு எப்படியோ புரிந்தது. இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் அக்காவின் இடது கண்ணைப் பார்த்தாள். சிவந்து, நீர் வடிந்து, பாதி மூடியிருந்தது. போன வாரம் உப்பைத் தட்டும்போது ஒரு சில்லு தெறித்ததாம். முந்தானையால் தேய்த்துவிட்டு வேலை பார்த்திருக்கிறார். கடையில் கொடுத்த சொட்டு மருந்து கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊரில் நடந்த கண் முகாமில் காட்டியதில், கருவிழியில் புண் என்று சொல்லி ஒரு சீட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"வியாழக்கெழம காலைல வேன் வருதாம். பாண்டிக்கு இட்டுனு போயி படுக்க வெச்சிப் பாப்பாங்களாம். தள்ளிப் போடாதன்னு ரெண்டு தடவ சொன்னாரு அந்த டாக்டரு" என்று என்னிடம் சொன்னார் அக்கா.

வியாழக்கிழமை என்று காதில் விழுந்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம் அவர் கண்ணைப் பற்றியது இல்லை.

வெள்ளைக்காரப் பெண் அழுதுகொண்டே அக்காவின் கையைப் பிடித்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். தினமும் உங்கள் கண்ணுக்காக ஜெபிப்பேன். அவ்வளவுதான்.

"இன்னாமா சொல்லுது?" என்றார் அக்கா.

"உங்க கண்ண இவங்களே பாத்துக்குவாங்களாம்க்கா. பாண்டியில பெரிய டாக்டருங்கள எல்லாம் இவங்களுக்குத் தெரியுமாம். முகாம் வேனுக்கெல்லாம் நீங்க போவ வேணாம். வியாழக்கெழம நம்ம நிகழ்ச்சி முடியட்டும், அவங்க கார்லயே இட்டுனு போயிக் காட்டுறாங்களாம். உங்க காலத்தான் கழுவணும்னு இந்தப் பொண்ணுக்கு ஆச."

"அவ்ளோவா சொல்லுச்சி?"

"ஆமாக்கா."

அவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அது அழுது சிவந்து, நம்பத் தகுந்த முகமாகத்தான் இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு, பிற்பாடு எத்தனையோ காரணங்களை அடுக்கிப் பார்த்திருக்கிறேன். வெறும் ஜெபம் என்று சொல்ல வாய் வரவில்லை. தலைவரிடம் கேட்டால் கார் தருவார் என்று நினைத்தேன். ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். மூன்றும் பொய் இல்லை. ஆனால் தலைவரிடம் நான் கேட்கவே இல்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று மட்டும் போய்ச் சொன்னேன். அவர் என் தோளில் தட்டினார்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு வேன் பஸ் நிலையத்தில் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அதே நேரத்தில் அக்கா தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு எங்கள் சபைப் பந்தலில் உட்கார்ந்திருந்தார். கண்ணை ஒரு கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, பன்னிரண்டு பேசின். தண்ணீரில் யாரோ கிருமிநாசினி ஊற்றியிருந்தார்கள். பிள்ளைகள் மண்டியிட்டார்கள். அதற்கு முன் தலைவர் ஒரு பெட்டியிலிருந்து ரப்பர் கையுறைகளை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்.

உப்பளத்தில் நிற்கிற கால்கள் எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. குதிகாலில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. விரலிடுக்குகளில் புண். மருந்துத் தண்ணீர் பட்டதும் முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் "ஐயோ" என்று காலை இழுத்துக்கொண்டார். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கேமரா நெருங்கி வந்தது.

அக்கா தன் காலைப் பிடித்திருந்த கைகளைக் குனிந்து பார்த்தார். "கைக்கு எதுக்குமா உற? எங்க காலு இன்னா ஒட்டிக்குமா?" என்றார். பக்கத்திலிருந்த பெண்கள் வலியோடு சிரித்தார்கள்.

வெள்ளைக்காரப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நன்றி சொல்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் மறுபடியும் அழத் தொடங்கினாள். வெடிப்புக்குள் இருந்த கறுப்பைத் தேய்த்தாள். கொஞ்சம் ரத்தம் வந்தது. அதைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து பந்தலுக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அவள் இடத்தில் இன்னொருத்தி வந்து மண்டியிட்டு முடித்து வைத்தாள்.

பிரியாணி சாப்பிட்டதும் அக்கா என்னிடம் வந்தார். "கார் எப்பமா?"

"இன்னிக்கி அவங்களுக்கு நேரமில்லயாம்க்கா. நாளைக்கி."

மறுநாள் அவர்கள் சாமான் கட்டினார்கள். சனிக்கிழமை காலை விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். அக்கா சபை வாசலில் வந்து நின்றபோது கேட் பூட்டியிருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். திங்கட்கிழமை ரிசார்ட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏற நின்றவளைப் பிடித்துவிட்டார். கண்ணில் இப்போது வெள்ளையாக ஒரு படலம். பக்கத்தில் வந்தபோது லேசாக நாற்றம் அடித்தது.

"டாக்டருகிட்ட சொல்லிட்டுப் போயிருக்காங்களா? எந்த ஆஸ்பத்திரி? பேர மட்டும் சொல்லு, நானே போயிக்கிறேன்."

"மெசேஜ் போட்டிருக்கேன்க்கா. பதில் வந்ததும் சொல்றேன்."

மெசேஜை அன்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் போட்டேன். அந்தப் பெண்ணுக்கு, கண் மோசமாகிவிட்டது, யாரையாவது கேட்க முடியுமா என்று. புதன்கிழமை பதில் வந்தது. கும்பிடும் கைகள், இதயங்கள், விடாமல் ஜெபிக்கிறோம். கூடவே கால் கழுவுகிற படம்.

அதே புதன்கிழமை பக்கத்து வீட்டுக்காரர்தான் அக்காவைப் பாண்டிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். கருவிழி ஓட்டையாகிவிட்டது, முகாமில் சொன்ன அன்றைக்கே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று சொன்னார்களாம். கண்ணை எடுத்துவிட்டார்கள்.

வானூரிலிருந்து மகள் வந்தாள். இடுப்பில் குழந்தையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, தெருவே கேட்கும்படி நின்று கத்தினாள். "வேன் வந்து நின்னுச்சே! போறவள நிறுத்தி வெச்சி காலு கழுவுனீங்களாமே! எங்கம்மா கண்ணத் தின்னுட்டு நீ நல்லா இருப்பியாடி?"

என் அம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனார். அவள் சொம்பைத் தட்டிவிட்டாள். நான் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வரவில்லை. பாஸ்டர் பிறகு வந்து, நீ நல்லெண்ணத்தில் சொன்னதுதானே, ஆண்டவருக்குத் தெரியும் என்றார். நான் தலையாட்டினேன். நான் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.

அழைப்புக் கடிதம் டிசம்பரில் வந்தது. பாஸ்போர்ட் எடுத்தேன், விசா கிடைத்தது. மார்ச் மாதத்தில் பாஸ்டரோடு விமானம் ஏறினேன். மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை மறைக்க முடியாது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டேன்.

அவர்களுடைய சபைக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு படம் மாட்டியிருந்தார்கள். ரப்பர் உறை போட்ட கைகளில் அக்காவின் இரண்டு கால்கள். முகம் இல்லை. நான் மேடையில் ஏறி எங்கள் ஊரைப் பற்றிப் பேசினேன். முடித்ததும் அந்த வெள்ளைக்காரப் பெண் மூன்றாவது வரிசையில் எழுந்து நின்றாள். நிஜமான அக்கறையோடுதான் கேட்டாள். "அந்த அம்மாவின் கண் இப்போது எப்படி இருக்கிறது? நான் தினமும் ஜெபிக்கிறேன்."

தலைவர் முன்வரிசையில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கண் சரியாகிவிட்டது. நன்றாகப் பார்க்கிறார்" என்றேன்.

எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். பாஸ்டர் என் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்கு ஆங்கிலம் அந்த அளவுக்குத் தெரியும். அவரும் கைதட்டினார்.

திரும்பி வந்த வாரம் ஒரு பொட்டலம் சாக்லேட்டை எடுத்துக்கொண்டு அக்காவைத் தேடிப் போனேன். ஒற்றைக் கண்ணால் வரப்பில் நடக்கும்போது இரண்டு தடவை பாத்திக்குள் விழுந்ததால், மேஸ்திரி அவரை மூட்டை தைக்கிற கொட்டகைக்கு அனுப்பியிருந்தார். ஊசியைச் சாக்கில் குத்துவதற்கு முன் விரலால் தடவிப் பார்த்துக் குத்திக்கொண்டிருந்தார். விரலெல்லாம் குத்துக் காயம். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"வந்துட்டியா? அங்க என்னக் கேட்டாங்களா?"

"கேட்டாங்கக்கா."

"இன்னா சொன்ன?"

அவரிடம் ஒரு தடவையாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் போயிருந்தேன். "கண்ணு நல்லாயிடுச்சின்னு சொல்லிட்டேன்" என்றேன். பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் உண்மையில் சொன்னது என்ன, நான் சேர்த்தது என்ன என்பதையும் சொன்னேன். அழுதேன்.

அவர் அந்த மூட்டையைக் கடைசித் தையல் வரை தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "அந்தப் பொண்ணு பேசுனது இத்துனூண்டு. நீ சொன்னது அம்மாம் நீளம். எனக்கு இங்கிலீசு தெரியாதுதான். காதுகூடவா கேக்காது?"

"தெரிஞ்சும் ஏன்க்கா வந்தீங்க?"

"கேக்க நல்லா இருந்துச்சி. கார்ல இட்டுனு போறேன்னு எங்கிட்ட யாரு சொல்லியிருக்கா? கொஞ்சம் சேத்துச் சொல்றான்னு நெனச்சேன். முழுசும் நீயே சொல்றன்னு நெனைக்கல."

"மன்னிச்சிடுங்கக்கா."

"அதெல்லாம் உங்க சர்ச்சுல வெச்சிக்க. உனக்கு அழுவுறதுக்கு ஒரு எடம் வேணும், அதுக்கு இங்க வந்துட்ட. எந்திரி. மேஸ்திரி பாத்தா என்னத்தான் திட்டுவான்."

சாக்லேட் பொட்டலத்தை அவர் பக்கத்தில் வைத்தேன். அதை எடுத்து என் மடியிலேயே போட்டார்.

இப்போது பாண்டிச்சேரியில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில், வெளிநாடு போகிறவர்களுக்கு விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். அந்தப் பயணத்தைக் காட்டித்தான் இந்த வேலை கிடைத்தது. அக்காவை மகள் வானூருக்கே கூட்டிப் போய்விட்டாள். வலது கண்ணும் மங்கி வருகிறது, ஆள் துணையில்லாமல் வாசலுக்குக் கூட வருவதில்லை என்று போன மாதம் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். இங்கிருந்து வானூருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. நான் போகவில்லை.