ஷெட்டில் நின்ற காருக்கு ஃபுல் கவர்

போன வருடம் ஜூன் மாதம், மழை வெளுத்துக்கட்டிய ஒரு மத்தியானம். மலைமேல் சித்திரபுரத்தில் எங்கள் வீட்டு ஷெட்டில் நின்ற காருக்கு இன்சூரன்ஸ் முடியப் போகிறது என்று ஏஜென்ட் அக்கா வந்திருந்தார். கடைசியாக லீவில் வந்தபோது என் கணவர் ஆசை ஆசையாக வாங்கிய கார். அவர் கத்தாருக்குத் திரும்பியதிலிருந்து கோழிகள் ஏறி உட்காருவதற்குத்தான் அது பயன்பட்டது.

அக்கா எங்கள் சர்ச்சுக்காரர். வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். ஃபுல் கவரா, தேர்ட் பார்ட்டி மட்டுமா என்று கேட்டார். ஃபுல் கவர் என்றால் மரம் விழுந்தாலும் மண் சரிந்தாலும் நம் வண்டிக்குப் பணம் கிடைக்கும். தேர்ட் பார்ட்டி என்றால் நாம் இடித்தவர்களுக்கு மட்டும். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கணவருக்கு வீடியோ கால் போட்டேன்.

“தேர்ட் பார்ட்டி போதும்க்கா,” என்றார் பட்டென்று.

“ஏன் தம்பி? கிறிஸ்துமஸுக்கு வந்து நீங்க ஓட்டணும்ல்ல? போடிமெட்டு வளைவுல எவனாவது உரசிட்டான்னா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“லீவு இல்லன்னுட்டாங்கக்கா. இவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

பாவி மனுஷன்! தினமும் என்னோடு பேசுகிறவர் இதை மட்டும் விழுங்கி வைத்திருந்தார். நானோ டிசம்பரை நினைத்தே நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“நான் ஒரு கூறுகெட்டவ,” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்தார். “வண்டி ஓடாதுன்னா தேர்ட் பார்ட்டியே போதும் தாயி. வீண் செலவு எதுக்கு?” தன் கமிஷன் குறையும் என்று தெரிந்தேதான் சொன்னார்.

“இல்லக்கா, ஃபுல் கவரே போடுங்க.”

“யாரு ஓட்டப் போறா?”

“நாந்தான்.”

எந்தத் துணிச்சலில் சொன்னேனோ! லைசென்ஸ் எடுத்ததோடு சரி, அவர் பக்கத்தில் இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. போனில் அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நானே சர்ச்சுக்கு ஓட்டிப் போனேன். இப்போது மாட்டுப்பட்டி வரை தனியாகப் போய் வருகிறேன். அவருக்குத்தான் இன்னும் லீவு கிடைத்தபாடில்லை. நன்றாக ஓட்டுகிறாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, ஏர்போர்ட்டிலிருந்து அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மலை ஏறப்போகும் அந்த ஒரு நாளுக்காகத்தான் தினமும் பழகிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது.