மார்ஜரின் டப்பாவில் ஒரு கரண்டி மாவு

என் மாமியார் குணசுந்தரிக்கு எழுபத்திரண்டு வயது. புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன. என் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னைக் கரித்துக்கொட்டுவதுதான் வேலை.

அவருடைய பெருமையெல்லாம் ஆப்பம். தோட்டத்துக் கள்ளுக்கடைக் கள்ளை ஊற்றி அவருடைய மாமியார் புளிக்கவைத்த மாவாம். கள்ளுக்கடை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் பானையில் ஒரு கரண்டி பழைய மாவை விட்டுவைத்து, அதிலேயே புது மாவைக் கரைப்போம். அந்தக் கரண்டி மாவுக்கு எங்கள் வீட்டில் உறை என்று பெயர். அது தீர்ந்தால் ருசியும் போச்சு. வீட்டுக்கு வந்த மருமகளிடம் பானையைக் கொடுப்பது வழக்கம்.

எனக்குக் கொடுக்கவில்லை. பதினாலு வருஷமாக அரைப்பதும் நான், ஊற்றுவதும் நான். பானை மட்டும் அவருடையது. ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஏய்”, இல்லாவிட்டால் “அவ”. பானை கைக்கு வந்தால்தான் நான் இந்த வீட்டுக்காரி என்று காத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் காத்திருந்தேன்.

போன மாதம் கரங்கானிலிருந்து நாத்தனார் லோகேஸ்வரி வந்தாள்.

“லோகா, பானைய நீயே எடுத்துட்டுப் போ. இவ கை ராசியில்லாத கை,” என்றார் மாமியார், என்னை வைத்துக்கொண்டே.

“ஒன்னும் நெனச்சிக்காதீங்க லா, அண்ணி,” என்று அவள் பானையை மாவோடு தூக்கிக் காரில் வைத்தாள்.

இப்படி ஆகும் என்று எனக்கு முன்பே தெரியும். காலையிலேயே ஒரு கரண்டி மாவை மார்ஜரின் டப்பாவில் ஊற்றி, ஐஸ்பெட்டியில் கருவாட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன். திருட்டுத்தான். இருக்கட்டும்.

ஒரு வாரம் மாமியாருக்கு வெறும் ரொட்டியும் தேத்தண்ணியும்தான்.

“ஆப்பம் இல்லையா?”

“பானைதான் போயிடுச்சே, அத்தை.”

அதைச் சொல்வதற்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! எட்டாம் நாள் ரொட்டியைத் தட்டோடு தள்ளிவிட்டார். அன்றைக்கு டப்பாவை எடுத்து மாவு கரைத்தேன். மறுநாள் காலை, ஓரம் மொறுமொறுவென்று ஓர் ஆப்பத்தைத் தேங்காய்ப்பாலோடு முன்னால் வைத்தேன். ஒரு வாய் வைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னை முறைத்தார். நானும் முறைத்தேன்.

அந்த நேரம் பார்த்து லோகாவின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“அம்மா, ஆளுங்க வந்தாங்கன்னு மாவு பூரா ஊத்திட்டேன். ஒரு கரண்டி வைக்க மறந்தே போச்சு லா. பானையையும் சோப்பு போட்டுக் கழுவிட்டேன். அங்க அண்ணிகிட்ட கொஞ்சமாச்சும் உறை இருக்கா?”

மாமியார் வாயிலிருந்ததை மெதுவாக மென்று விழுங்கினார். ஒரே வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இங்க ஏதுடி? எல்லாத்தையும்தான் நீ தூக்கிட்டுப் போயிட்டியே.”

போனைத் தள்ளிவிட்டுத் தட்டை என் பக்கம் நீட்டினார்.

“நளினி, இன்னொன்னு ஊத்து.”

பாசம் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். அதெல்லாம் நாக்கு ருசி. முதலில் ஒரு கரண்டி மாவை டப்பாவில் எடுத்துவைத்துவிட்டு, அப்புறம்தான் அவருக்கு ஊற்றினேன்.