பெட்டி கட்டும் கழகம்

என் மாமாவுக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்று பத்து வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். பத்து என்பதுகூட மானத்தைக் காப்பாற்றச் சொல்வதுதான். உண்மையான வயதைச் சொன்னால் என் மகனே என்னை மதிக்கமாட்டான்.

மாமா என்றால் உம்மாவின் ஒரே தம்பி. துபாய் தேராவில் ஒரு அத்தர்க் கடையில் வேலை, கடைக்குப் பின்சந்தில் கூட்டாளிகளோடு ரூம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு பஸ் பிடித்து ஷார்ஜாவுக்கு, ரோலாவில் இருந்த எங்கள் ஃபிளாட்டுக்கு வந்துவிடுவார். அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அத்தர் வாசனை லிஃப்டில் ஏறி வரும். உம்மா ஆக்கிவைத்த சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டுப் பாயில் சாய்வார். நானும் பக்கத்தில் சாய்வேன். அவருடைய போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தினால் எங்கள் தியேட்டர் தயார்.

ஓடுவது ஒரே படம்தான். ஜப்பானிய கார்ட்டூன் தொடர். கூட வேலை பார்த்த ஃபிலிப்பினோ பையன் போனில் ஏற்றிக் கொடுத்தது. கீழே எழுத்து எதுவும் ஓடாது, பேச்சு முழுக்க ஜப்பானிய மொழி. அதனாலென்ன, மாமாதான் இருக்கிறாரே. வரிக்கு வரி தமிழில் சொல்வார். ஆணுக்கு ஒரு குரல், பெண்ணுக்கு ஒரு குரல், நாய் வந்தால் நாய்க்கும் ஒரு குரல்.

கதை இதுதான். ஒரு பள்ளிக்கூடத்தில் பாரம்பரியக் கலைக் கழகம் என்று ஒன்று. டீ ஆற்றுவது, பூ அடுக்குவது, தாளில் தூரிகையால் எழுதுவது எல்லாம் அங்கே கலை. ஆனால் கழகத்தில் ஒருவருக்கும் ஒரு கலையும் தெரியாது. தலைவி மண்டி போட்டால் கால் மரத்து உருண்டு விழுந்துவிடுவாள். இன்னொருத்தி தின்பண்டத்துக்காகச் சேர்ந்தவள். மூத்த மாணவன் ஒருவன், நெட்டையாக, டீக் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடியே தூங்கிவிடுவான். எங்கள் ஊர்ப்பக்கம் அண்ணனைக் காக்கா என்போம், அதனால் மாமா அவனுக்குக் காக்கா என்றே பேர் வைத்துவிட்டார். வாராவாரம் மாணவர் தலைவன் கழகத்தை மூட வருவான். அவன் மட்டும் மாமாவின் கடை மேனேஜர் குரலில் பேசுவான்.

"யெல்லா, யெல்லா! கலை மாஃபி, கழகம் கலாஸ்! எல்லாரும் எந்திரிச்சுப் போங்க!"

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஜப்பான்காரர்கள் ஏன் 'இல்லை'க்கு மாஃபி, 'முடிந்தது'க்குக் கலாஸ் என்று அரபியில் திட்டுகிறார்கள் என்று ஒரு நாள்கூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. நான் அவ்வளவு புத்திசாலி.

இந்தப் புத்திசாலிதான் அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸிடம் போய், பாரம்பரியக் கலைக் கழகம் தொடங்கப்போவதாக அறிவித்தேன். எங்கள் வகுப்பில் எல்லாரும் ஏதாவது ஒரு கிளப்பில் சேர வேண்டும். மிச்சமிருந்தது அபாகஸ் மட்டும். மணிகளைத் தள்ளிக் கணக்குப் போடுவதைவிட மண்டி போட்டு விழுவது மேல் என்று பட்டது. ரேவதியைச் சேர்த்துக்கொண்டேன். அவள் அப்பா இன்ஜினியர், மதுரைக்காரர். டிபன் டப்பாவில் தினமும் முறுக்கு வரும். தின்பண்டத்துக்காகச் சேருகிறவளின் இடத்தை, தின்பண்டத்தைக் கொண்டுவருகிறவளை வைத்து நிரப்பினேன்.

மிஸ் கேட்டார்: "கலைன்னா என்ன கலை? ஓப்பன் டே அன்னிக்கு வைஸ் பிரின்சிபால் முன்னாடி செஞ்சு காட்டணும். நல்லா இல்லன்னா ரெண்டு பேரும் அபாகஸ்."

ரேவதிக்குப் பரதம் தெரியும். அதனாலேயே அதை வேண்டாம் என்றேன். தெரிந்ததைச் செய்தால் அது எப்படி நம் கழகமாகும்?

வீட்டில் போய், நமக்கு என்ன பாரம்பரியக் கலை என்று கேட்டேன். வாப்பா செய்தித்தாளை இறக்காமலே, "வியாபாரம்" என்றார். உம்மா, "எதுத்துப் பேசுறது. அதுல நீ இப்பவே தேறிட்ட" என்றார். மாமா மட்டும் எழுந்து உட்கார்ந்தார்.

"மருமவளே, ஜப்பான்காரன் டீ ஆத்துறதக் கலைங்கறான். அதவிடக் கஷ்டமான கலை ஒன்னு நம்மகிட்ட இருக்கு. பெட்டி கட்டுறது."

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். லீவில் ஊருக்குப் போகிறவர் சோப்பு, பால்பவுடர், போர்வை, தைலம், மிட்டாய் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் திணித்து, டேப் ஒட்டி, அதன்மேல் கயிறு போட்டு இறுக்கி, நாலு பக்கமும் பேரும் ஊரும் எழுதுவார். விமான நிலையத்தில் சாமான் இறக்குகிறவர்கள் தூக்கி எறிவார்கள், கிழியக்கூடாது. மாமா கட்டிய பெட்டி கிழிந்ததாகச் சரித்திரம் இல்லை. தேராவில் யாருக்கு லீவு கிடைத்தாலும் முதலில் சொல்வது வீட்டுக்கு, அடுத்தது மாமாவுக்கு.

அவரிடம் ஒரு முடிச்சு இருந்தது. எந்தப் பக்கம் இழுத்தாலும் இறுகும். ஒரே ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் மட்டும் மொத்தக் கயிறும் தொளதொளவென்று விழுந்துவிடும். ஊரில் கஸ்டம்ஸ்காரர் திறக்கச் சொன்னால் கயிற்றை அறுக்க வேண்டாமே, அதற்காக. அந்த நுனியை எனக்கு மட்டும் காட்டிக் கொடுத்திருந்தார்.

ஓப்பன் டே அன்று சாயங்காலமே மாமாவுக்கு விமானம். ரெண்டு மாச லீவு என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தொடரின் கடைசிப் பகுதியைப் பார்த்தோம். பள்ளி வாசலில் ரோஸ் நிறப் பூக்கள் கொட்டுகின்றன. நெட்டைக் காக்கா பையை மாட்டிக்கொண்டு நிற்கிறான். ஏதோ சொல்கிறான். தலைவி அழுகிறாள், தின்பண்டக்காரி அழுகிறாள், மூட வந்த மேனேஜர்கூடக் கண்ணைத் துடைக்கிறான். மாமா குரல் கொடுக்க மறந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா சொல்றான்?"

"ம்? டீத்தூள் தீந்துபோச்சாம். காக்கா பக்காலாவுக்குப் போறான், வாங்கிட்டு வந்துருவான்."

"கடைக்குப் போறதுக்கா இப்புடி அழுவுறாங்க?"

"டீ இல்லாட்டி உங்க உம்மா அழமாட்டா?"

அது நியாயம்தான். உம்மா அழுதே விடுவார்.

ஓப்பன் டே காலையில் வாப்பாவின் வேனில் ரெண்டு பெட்டிகள் வந்து இறங்கின. ஒன்று காலி, மேடையில் கட்டிக் காட்ட. இன்னொன்று மாமா அன்று ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டி, கட்டி முடித்தது, மாதிரிக்கு. "இதத் தொடக்கூடாது மருமவளே. பாக்க மட்டுந்தான்" என்று சொல்லித்தான் இறக்கினார்.

மேடையில் பாய் விரித்து மாமா வெள்ளைச் சட்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நானும் ரேவதியும் இரண்டு பக்கமும் மண்டி போட்டோம். அவர் டேப்பைக் கிழித்தால் நாங்கள் குனிந்து வணங்கினோம். கயிற்றைப் பல்லால் கடித்தால் வணங்கினோம். பெட்டிமேல் காலை வைத்து இறுக்கினால் நெற்றி தரையில் படும்படி வணங்கினோம். கடைசி முடிச்சு விழுந்தபோது எனக்குக் கால் மரத்து நான் பக்கவாட்டில் உருண்டு விழுந்தேன். அது நடிப்பு இல்லை. கூட்டம் கைதட்டியதால் நடிப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

வைஸ் பிரின்சிபால் சிரித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா காலி பெட்டிய யார் வேணும்னாலும் கட்டலாமே" என்றார். பிறகு மாதிரிப் பெட்டியைக் கையால் காட்டி, "அதுவும் காலிதானா?" என்றார்.

அபாகஸ் மணிகள் என் காதில் உருண்டன. கழகத்தின் மானம், மாமாவின் மானம், பாரம்பரியத்தின் மானம் எல்லாம் என் கையில் இருப்பதாகத் தோன்றியது. தவழ்ந்து போய் அந்த நுனியைப் பிடித்தேன்.

"மருமவளே, வேணாம்..."

இழுத்துவிட்டேன். கயிறு விழுந்தது. உள்ளே அமுங்கிக் கிடந்த ஒரு தலையணை மூடியைத் தள்ளிக்கொண்டு பூரி மாதிரி உப்பி எழுந்தது. எண்ணெய்ப்பிசுக்கு ஏறிய, நீலப்பூப் போட்ட தலையணை. அதைத் தூக்கினால் கீழே ஒரு சுவர்க் கடிகாரம். நின்றுகூடப் போகவில்லை, டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. இஸ்திரிப் பெட்டி. கைப்பிடி ஆடும் டீச் சட்டி. குளியலறைக் குவளை. சட்டை மாட்டும் கொக்கி, சுவரிலிருந்து பெயர்த்த சுண்ணாம்போடு. ஒரு மிட்டாய் இல்லை, ஒரு சோப்பு இல்லை.

கூட்டம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. மாமா தலையணையை இரண்டு கையாலும் டீக் கிண்ணம்போல் ஏந்தினார். அதை வணங்கினார். நீளமாக, உருக்கமாக, ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். கடைசியில் "யெல்லா, கலாஸ்!" என்று முடித்து அதை வைஸ் பிரின்சிபால் கையில் கொடுத்தார். அந்த அம்மாள் அதை வணங்கி வாங்கி, வணங்கித் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். எங்கள் கழகம் பிழைத்தது.

உம்மா மட்டும் சிரிக்கவில்லை. நேரே மேடைக்குப் பின்னால் வந்து, மாமாவோடு தரையில் உட்கார்ந்து சாமான்களை எடுத்து அடுக்கினார்.

"தம்பி, லீவுல போறவன் தலாணிய எதுக்குடா கொண்டுபோற?"

"இது இல்லாட்டி தூக்கம் வராது லாத்தா."

"கடியாரம்?"

மாமா டேப்பின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைக்கவே இல்லை. உம்மா வாங்கி நகத்தால் சுரண்டி எடுத்துக் கொடுத்தார். கயிறு போடும்போது முடிச்சின்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டார். ஊரில் இருக்கிற மாமிக்கும் மாமியின் உம்மாவுக்கும் ஒன்றும் வாங்காமல் போகிறாரே என்று உம்மாவுக்குக் கோபம் என நினைத்தேன். எனக்கும் கோபம்தான். "ஊருல தலாணியே கிடைக்காதா மாமா?" என்று கேட்டேன். "நம்ம தலைக்குத் தோதா கிடைக்காது" என்றார்.

அத்தர்க் கடை கைமாறி மாமாவின் விசா ரத்தாகிவிட்டதும், அதை ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் இருந்ததும் நான் வளர்ந்த பிறகுதான் காதில் விழுந்தது. அந்தத் தொடரையும், கீழே எழுத்து ஓட, போன வருடம் என் மகனோடு பார்த்தேன். மாமா சொன்ன கதைக்கும் அதற்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை. அரபி மருந்துக்கும் இல்லை. கடைசிப் பகுதியில் பூ கொட்டும்போது காக்கா சொல்வது இதுதான்: 'நாளையிலிருந்து நான் வரமாட்டேன். என் கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள்.' அந்த இடத்தைப் புரிந்துகொள்ள எழுத்தும் வேண்டாம், ஜப்பானிய மொழியும் வேண்டாம். கண் இருந்தால் போதும்.

அன்று சாயங்காலம் விமான நிலையத்தில் கண் இரண்டும் எனக்கு நன்றாகத்தான் இருந்தன. மாமா பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே போகத் திரும்பினார்.

"எங்க மாமா போறீங்க?" என்று கத்தினேன். அவர் என்ன சொல்வார் என்று தெரிந்தேதான் கேட்டேன்.

"டீத்தூள் வாங்க!"

நான் இடுப்பு வளைய வணங்கினேன். அவரும் தள்ளுவண்டியை விட்டுவிட்டு, பின்னால் வந்தவர்கள் முனக, நின்று வணங்கினார். கண்ணாடிக் கதவு மூடியது. திரும்பிப் பார்த்தால் உம்மா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

கழகத்தைக் காப்பாற்றிய தெம்பு எனக்கு இன்னும் இறங்கவில்லை. உம்மாவின் கையைப் பிடித்து ஆட்டி, மாமா குரலிலேயே சொன்னேன்.

"கடைக்குப் போறதுக்கா இப்புடி அழுவுறீங்க?"