விழிதியூர் வயலில் ஒரு கம்ப்யூட்டர்

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், அறுவடை முடிந்த விழிதியூர் வயலில் ஒரு மரமேசை மேல் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. காரைக்காலில் என் மகள் வேலை பார்த்த சின்னக் கம்பெனி செய்தது அது. அதிலிருந்து கசியும் ரேடியோ அலைகள் அனுமதித்த அளவை மீறினால் ஆர்டர் கிடைக்காது, கம்பெனியையே மூடிவிடுவார்கள். சோதனைக்கு வெட்டவெளி வேண்டும் என்று அங்கே வந்திருந்தார்கள். மனம் கேட்காமல் நானும் கூடப் போயிருந்தேன்.

பனி விலகவில்லை. தூரத்தில், கசியும் அலையைப் பிடிக்கும் ஏரியல் கம்பம் மிதப்பதுபோல நின்றது. மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் எடுத்து, கம்ப்யூட்டரின் பின்னால் இருந்த ஒவ்வொரு துளையிலும் மகள் ஒரு வயரைச் செருகினாள். மறுமுனைகளில் கீபோர்டு, பிரிண்டர் எல்லாம் ஓட வேண்டுமாம். பிரிண்டரை மாட்டியதும், ஏரியலோடு இணைத்திருந்த மீட்டரின் முள் தாண்டக் கூடாத சிவப்புக் கோட்டை நெருங்கியது.

“அதை மட்டும் கழட்டிடேன்டி, யாருக்குத் தெரியப் போவுது?” என்றேன்.

“வாங்குறவன் மாட்டுவானேம்மா. நீ சும்மா இரு.”

பிறகு அந்த வயரை இழுத்தாள், தொங்கவிட்டாள், முள் எங்கே அதிகம் ஏறும் என்று தேடினாள். பிள்ளைக்கு ஜுரம் என்றால் குறைத்துக் காட்டாதா என்று தெர்மாமீட்டரை உதறிவிட்டு மறுபடி வைத்துப் பார்க்கிறவள் நான். முள் கோட்டைத் தாண்டியது.

“மாட்டிக்கிச்சு!” என்று சிரித்தாள்.

அலை கசியாமல் உலோக வலை சுற்றிய வேறொரு வயரை மாற்றினாள். முள் மெல்லக் கோட்டுக்குக் கீழே இறங்கியது. அதன் பிறகும் அவள் அந்த வயரைப் பிடித்து ஆட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.