வெட்டு வரிகளை உரக்கப் படித்தவள்

அந்தப் பத்திரிகை அலுவலகத்தின் மாடியறையில் மெய்ப்புத் திருத்துவது புருஷன், பெண்டாட்டி இருவரின் வேலை. அவள் மூலப்பிரதியை உரக்கப் படிப்பாள். அவர் அச்சுத்தாளில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். அவளுக்கு வெண்கலத் தொண்டை. 'ஒலிபெருக்கி' என்றுதான் அலுவலகமே கூப்பிடும். கோபித்துக்கொள்ள மாட்டாள், இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுவாள்.

பத்திரிகைகளுக்கு அரசுத் தணிக்கை வந்தபின் கீழ்த்தளத்தில் ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்தார். பிடிக்காததைச் சிவப்பு மையால் அடிப்பார். அடித்த வரி தப்பித்தவறி அச்சில் நுழைந்துவிடக் கூடாதல்லவா? அதனால் அதையும் படித்து, தாளில் இல்லை என்று உறுதி செய்துகொள்வது அறையின் வழக்கம். "வெட்டு" என்று தொடங்கி "வெட்டு முடிஞ்சுது" என்று நிறுத்துவாள். நடுவில் வருவதை மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிப் படிப்பாள்.

ஜன்னலுக்குக் கீழே, தெருவோர டீக்கடையில் கூட்டம் சேர ஆரம்பித்தது. கடைக்காரர் "டீ ஆறுதுங்க" என்றால், "இருய்யா, இன்னும் வெட்டு வரல" என்பார்கள்.

ஒருநாள் குடிநீர்த் தொட்டியில் சாக்கடை கலந்த செய்தி வந்தது. தலைப்பைப் பார்த்ததுமே அதிகாரி மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

"இதைச் சொல்லாம விட்டா பச்சப் புள்ளைங்க படுத்துடுமே!" என்றாள்.

"வேலை போயிடும்டி. மெதுவாப் படி."

"மெதுவாப் படிச்சா உங்க காதுல விழுமா? வீட்ல கத்தினாலே விழறதில்ல."

"வெட்டு" என்று அவள் தொடங்கியதும் படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். அதிகாரிக்கு விஷயம் எட்டிவிட்டது.

"அடிச்சதை எல்லாம் ஊருக்கே ஏலம் போடுறீங்களாம்மா?"

"ஊருக்கா? இவருக்குத்தான் சார். காது மந்தம்."

கணவர் சட்டென்று காதருகே கையைக் குவித்து, "என்ன?" என்றார்.

அதிகாரி தாமே ஜன்னலைச் சாத்தப் போனார். அவள் குரலைத் தாழ்த்தி, "பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள தொட்டியில்..." என்று தொடர்ந்தாள். அவர் கை பாதியில் நின்றது.

"எந்தத் தொட்டின்னீங்க?"

"அடிச்ச வரி சார்."

"அம்மா, என் வீடு அங்கதான். என் பொண்ணு அந்தத் தண்ணியதான்..."

அவரைச் சீண்ட அவளுக்கு மனம் வரவில்லை. முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தாள். கீழே டீக்கடை கேட்டது. மேலே அதிகாரி கேட்டார். பிறகு தொலைபேசியைத் தேடிக் கீழே ஓடினார்.

மறுநாள் பத்திரிகையில் அந்தச் செய்தி இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஒருவரும் குழாயைத் திறக்கவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொல்லி அதன்பின் யாரும் மாடியேறவில்லை.

இப்போது அவள் இல்லை. கணவர்தான் தனியாகப் பார்க்கிறார். வெட்டு வந்தால் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்று, தம் கீச்சுக் குரலில் படிக்கிறார்.

"சத்தமாங்க!" என்கிறது டீக்கடை.

"ஏன்யா, காது மந்தமா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து படிக்கிறார்.