நாலடிச் செடி ஆறடியான கேஸ்

எங்க திருவண்ணாமலைப் பெருமாள் மேல் சத்தியம். நீங்கள் நினைக்கிற பெரிய ஊர்ச் சாமி இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் குன்றில் நிற்கிறவர். அத்தனை படியும் ஏறி நின்று உரக்கக் கத்தச் சொன்னாலும் கத்துவேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. போலீஸ் உத்தியோகத்தில் ஆளைப் பிடிப்பது சுலபம். பிடித்த சாமானைக் கேஸ் முடியும்வரை காப்பாற்றுவதுதான் உயிரை எடுக்கும். பறிமுதல் அறைச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைந்த ஏட்டு நான். மேலதிகாரி சொன்னதை அப்படியே செய்து மாட்டிக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் இந்த வலி புரியும்.

உத்தரவு

மலையடிவாரத் தோப்பு ஒன்றில் ஒரே ஒரு கஞ்சாச் செடி பிடிபட்டது. வளர்த்த மாடசாமி, "இதை நான் கண்ணால பார்த்ததே இல்ல" என்று சாதித்தான். பிடித்த இடத்திலேயே எழுதுகிற மகசரில் 'உயரம் நாலடி' என்று எழுதியது என் கை. வேரோடு பிடுங்கிய செடியை இன்ஸ்பெக்டர் என்னிடம் கொடுத்து, "கோர்ட்டுல காட்டுற வரைக்கும் இது அப்படியே இருக்கணும்" என்றார். எல்லா ஸ்டேஷனிலும் காயவைத்துச் சாக்கில் கட்டுவார்கள். காய்ந்தால் எப்படி அப்படியே இருக்கும்? காலிப் பெயிண்ட் வாளியில் மண் போட்டு, ஸ்டேஷன் பின்கட்டில் நட்டுவிட்டேன். டீ கிளாஸ் கழுவின தண்ணீரை ஊற்றினேன்.

மழையும் பெய்தது. கோர்ட்டுக்கு ஒரு வாரம் இருக்கையில் அளந்தால் ஆறடி. எனக்கு ரிட்டயர் ஆக மூன்று மாதம். கூடுதல் இரண்டடிக்கு யார் பொறுப்பு? பென்ஷன் கண்முன்னால் பறந்தது. இன்ஸ்பெக்டர் செடியை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏட்டய்யா, நாலடி வளர்த்த மாடசாமி முதல் குற்றவாளி. ரெண்டடி வளர்த்த நீங்க ரெண்டாவது."

வாத்தியார்

இது கஞ்சாதானா என்று சாட்சி சொல்ல, ராஜபாளையத்திலிருந்து தாவரவியல் வாத்தியார் ஒருவர் வந்தார். அதற்குள் செடி பூத்து, பூவெல்லாம் பிசுபிசுவென்று பசை. எங்கள் ஸ்டேஷன் கொசு ஒன்று அதில் ஒட்டிக்கொண்டது. அதை ஜாமீனில் எடுக்க இன்னொரு கொசு வந்தது, அதுவும் உள்ளே.

"எதுக்கு சார் இதுக்கு இம்புட்டுப் பசை?" என்று கேட்டேன்.

வாத்தியார் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். பூ மேலே குண்டூசி நட்டதுபோல் சின்னச் சின்ன முடி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சொட்டு. "பெண் செடி. விதை பிடிக்கிற இடத்துக்குக் காவல் போட்டிருக்கு. பூச்சி ஒட்டிக்கும், கடிச்சா விஷம். வெயிலுக்குக் குடைன்னும் சொல்றாங்க, வறட்சிக்குப் போர்வைன்னும் சொல்றாங்க. எதுக்காக முதல்ல சுரந்துச்சுன்னு இன்னும் முடிவா தெரியல" என்றார்.

"அப்போ போதை?"

கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "அது செடி போட்ட கணக்குலயே இல்ல ஏட்டய்யா. பூச்சிக்கு வெச்ச மருந்தை மனுசன் தேடி வந்து இழுத்தா, அது என்ன செய்யும் பாவம்?"

ஆடு

கூடுதல் இரண்டடியைக் கத்தரியால் நறுக்கினால் சாட்சியத்தைச் சிதைத்த குற்றம். ஆடு கடித்தால்? அது இயற்கை. எதிர்த்த டீக்கடை மாரியம்மாவின் வெள்ளாட்டை ஓட்டி வந்தேன். போஸ்டர், துடைப்பம், போன தேர்தல் பேனர் எல்லாம் தின்ற ஆடு. செடியை ஒருமுறை முகர்ந்தது, தும்மியது, திரும்பி நின்றுகொண்டது.

விடுவேனா? கால் கிலோ பால்கோவா வாங்கி, மேல் இரண்டடிக்கு இலை இலையாகத் தடவி, ஆட்டின் முன்னங்கால்களைத் தூக்கிப் பிடித்தேன். செத்த நேரத்தில் பால்கோவா காலி. இலை ஒன்றுகூடக் குறையவில்லை, கழுவிவிட்டதுபோல் மின்னியது. மாரியம்மா கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏட்டய்யா, எங்க ஆடு பால்கோவாவுக்கு வரும். கேஸுக்கெல்லாம் வராது."

கோர்ட்

வாளியைத் தலையில் சுமந்துகொண்டு போனேன். மாடசாமியின் வக்கீல் டேப்பை நீட்டி அளந்தார். "மகசரில் நாலடி, இங்கே ஆறடி. இது என் கட்சிக்காரர் செடியே இல்லை. போலீஸ் வளர்த்த செடி!" கோர்ட்டே என்னைப் பார்த்தது. என் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. அந்தக் கொசுவின் கஷ்டம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கூண்டில் நின்ற மாடசாமி மட்டும் என்னைப் பார்க்கவில்லை. செடியையே பார்த்தான். அடித்தண்டில் பழைய வாழைநார்க் கட்டு ஒன்று இருந்தது, அதைப் பார்த்தான். மேலே மின்னும் இலையைப் பார்த்தான். வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தும் அவனால் அடக்க முடியவில்லை. "ஐயா, எஞ்செடிதான். காத்துல சாஞ்சப்ப அந்தக் கட்டு நாந்தான் போட்டேன். எங்கிட்ட ஒருநாளும் இப்படித் தெளியல. ஏட்டய்யா, இலைக்கு என்ன தடவுனீக?"

பூச்சி, வெயில், ஆடு எல்லாவற்றிடமிருந்தும் தப்பிக்கச் செடிக்குப் பசை இருந்தது, என் பென்ஷன் தப்பிக்க மாடசாமியின் வாய் இருந்தது. ஆனால் அந்தப் பால்கோவா சமாச்சாரம் இன்றுவரை எந்த ஃபைலிலும் ஏறவில்லை என்பதால், யார் சொன்னது என்று கேட்டால் ஆடு சொன்னது என்று சொல்லிவிடுங்கள்.