இத்தாலி வண்டியின் வலப்பக்கம்

1996 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது, தொட்டியை நிரப்பினேன். செய்தித்தாளில் விளம்பரப் பக்கத்தை மட்டும் படித்தேன். பழைய கார் வாங்கி விற்கிறவனுக்கு மற்ற பக்கங்கள் அவசரமில்லை. மனைவி சந்தகை பிழிந்திருந்தாள். தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அந்தச் சட்டையை யோசித்துத்தான் எடுத்தேன். அன்றைக்கு என்னை நாலு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

அன்று எடுத்த புகைப்படம் ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் கடைச் சுவரில் இன்றும் தொங்குகிறது. மஞ்சள் நிற இத்தாலி கார் ஒன்று தரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் வலப்பக்கச் சன்னலில் முழங்கையை ஊன்றியபடி என் மனைவியின் அண்ணன் சிரிக்கிறார். அவருக்குப் பின்னால், இருட்டில், ஒரு வெள்ளைக் காலர் தெரிகிறது. அது நான்.

மச்சானும் நானும் அந்தத் தொழிலில் பங்குதாரர்கள். வாங்க, விற்க வருகிறவர்களிடம் பேசுவது அவர். வண்டியைச் சோதிப்பது, ஆவணம் பார்ப்பது, ஓட்டிக் காட்டுவது நான். அவருக்கு இன்ஜின் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும், நான் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே நுழைவதற்குள் அவர் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருப்பார். இது எனக்கு முன்பே கொஞ்சம் உறுத்தும். இத்தாலி வண்டி வந்த பிறகுதான் அதற்குச் சரியான பெயர் பொறாமை என்று தெரிந்தது.

அது டில்லியில் ஒரு தூதரக அதிகாரி விட்டுப்போனது. ஏலத்தில் எடுத்துவந்தவர் எங்கள் ஊர் மில் முதலாளி ஒருவர். இரண்டே இருக்கை, பன்னிரண்டு சிலிண்டர், ஆறு கார்புரேட்டர். அந்த ஆறையும் ஒரே சீராக மூச்சுவிட வைப்பது பெரிய வேலை. அதற்காக வெளிநாட்டுப் பத்திரிகைகளைத் தேடிப் படித்தேன். கையேட்டிலிருந்த இத்தாலியச் சொற்களுக்கு அகராதி வைத்துக்கொண்டு அர்த்தம் பார்த்தேன். இரண்டு வருடம் அந்த வண்டிக்குக் காய்ச்சல் வந்தால் முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார். பிறகு அவருக்கு முதுகுவலி வந்தது. "ஏறுனா எறங்க முடியறதில்லீங்க. எறங்குனா மறுக்கா ஏற முடியறதில்லீங்க. வித்துக் குடுத்துருங்க" என்றார். கூடவே ஒன்று சொன்னார்: "இதைய யாரு வித்துக் குடுக்கறாங்களோ, நம்ம சிநேகிதங்க வண்டியெல்லாம் இனி அவிக கைக்குத்தான் வரும்."

இப்படிப்பட்ட வண்டிகள் வைத்திருந்த குடும்பங்கள் அப்போது ஊரில் சிலவே. அவர்கள் விளம்பரம் கொடுப்பதில்லை. நம்பிக்கையான ஒருவனைப் பிடித்தால் கடைசிவரை அவனிடமே கொடுப்பார்கள். அந்த ஒருவன் நானாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வாழ்க்கையில் அதற்கு முன்போ பின்போ நான் எதையும் அவ்வளவு விரும்பியதில்லை.

வாங்குவதாகச் சொன்னவர் ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்தார். வண்டியை ஓட்டிக்கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. மச்சானும் வந்தே ஆகவேண்டும், பேசுவதற்கு மட்டுமல்ல. வெளிநாட்டு வண்டி என்பதால் அதற்கு ஸ்டியரிங் இடப்பக்கம். நம் சாலையில் முன்னால் ஒரு லாரி போனால், இடப்பக்கம் தாழ உட்கார்ந்திருப்பவனுக்கு லாரியின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. எதிரே வருவதை வலப்பக்கம் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மச்சான் தலையை வெளியே நீட்டி, "பொறுங்க மாப்ள... பொறுங்க... இப்பப் போங்க" என்பார். நான் போவேன்.

அவிநாசி தாண்டுவதற்குள் ஒன்று புரிந்தது. வலப்பக்கம் இருப்பவர்தான் ஓட்டுகிறார் என்று ஊர் முழுக்க நினைத்தது. பஸ் படிக்கட்டில் தொங்கியவர்கள் அவரைப் பார்த்துக் கையாட்டினார்கள். டீக்கடையில் நிறுத்தியபோது கூட்டம் அவர் பக்கமே குவிந்தது. "ஏனுங்ணா, எத்தனை ஸ்பீடு போகுமுங்ணா?" என்று ஒருவன் கேட்டான். "நானெங்கீங்க பாத்தேன்? ரோட்டுல எடம் உட்டாத்தானே!" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என் ஆற்றாமை. பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நான் இடப்பக்கக் கதவைத் திறந்து இறங்கியபோது, கூட்டத்தில் ஒருவர் எனக்கு வழிவிட்டு, "கொடுத்து வெச்சவருங்க நீங்க, இதுல உக்காந்து வந்திருக்கீங்களே" என்றார்.

ஈரோட்டிலும் அதேதான். மண்டிக்காரர் வாசலுக்கு வந்து மச்சானுக்குக் கைகூப்பினார். "வாங்க, வாங்க. வெயில்ல ஓட்டியாந்திருக்கீங்க, மொதல்ல மோரு குடிங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்களும் குடிங்க" என்றார். நான் இன்ஜின் மூடியைத் திறந்து காட்டினேன். இந்த மாடலில் மிகக் குறைவான வண்டிகளே செய்யப்பட்டன என்பதையும், அதன் வால்வு ஏற்பாட்டையும் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு மச்சானிடம், "நீங்க என்னங்க சொல்றீங்க?" என்றார்.

மச்சான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "நீங்க மஞ்ச மண்டி வெச்சிருக்கீங்க. அவன் இத்தாலியில குந்திக்கிட்டு மஞ்சக் கலரடிச்சு அனுப்பியுட்டிருக்கான். இதுக்கு மேல நானு என்னத்தைங்க சொல்றது?"

மூட்டை தூக்குகிறவர்கள்வரை மண்டியே சிரித்தது. என் இரண்டு வருடப் படிப்பு செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்துவிட்டது. வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்த தட்டு உள்ளே இருந்து வந்தது. அது மச்சானை நோக்கிப் போவதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. "நாந்தானுங்க ஓட்டியாந்தேன். ஸ்டேரிங் இந்தப் பக்கமுங்க" என்று சொல்லிவிட்டேன்.

மண்டிக்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். முகம் மலர்ந்தது. "அடடே, அப்படீங்களா! டிரைவர் வெச்சுத்தான் ஓட்டறாருங்களா? நல்லதுங்க" என்றவர் தட்டை முன்பைவிடப் பணிவாக மச்சானிடம் நீட்டினார்.

"டிரைவரெல்லாம் இல்லீங்க, என்ற மாப்ளைங்க. அவரு கையில வண்டி தண்ணியாட்டப் போகுமுங்க" என்றார் மச்சான். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அது டிரைவரைப் புகழ்கிற வார்த்தை. தட்டை அவரே வாங்கிக்கொண்டார். ஸ்டுடியோவிலிருந்து வரவழைத்த ஆள், எங்கள் இருவரையும் வண்டிக்குள் உட்காரவைத்து, வெயில் விழுந்த வலப்பக்கமாக நின்று படம் எடுத்தார். வளர்பிறையில் வண்டியை எடுத்துக்கொள்வதாக மண்டிக்காரர் சொன்னதால், அதை அன்றே கோவைக்குத் திருப்பி ஓட்டிவந்தேன்.

பெருந்துறை தாண்டினோம். அதற்கப்பால் பஞ்சு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போனது. அவரைக் கேட்கக் கூடாது என்று எனக்குள் ஒரு வீம்பு. கேட்காமலே வலப்பக்கம் ஒடித்தேன். "பொறுங்க! மாப்ள, பொறுங்க!" லாரிக்குப் பின்னால் மறுபடி ஒதுங்கிய நொடியில், எதிரே வந்த பஸ்ஸின் காற்று வண்டியை உலுக்கிவிட்டுப் போனது. மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மெதுவாகச் சொன்னார்: "ஏனுங் மாப்ள, தட்டை நானு வாங்குனதுக்கு என்னையக் கொல்லோணுமுங்களா?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் எட்டிப் பார்த்து "இப்பப் போங்க" என்றார். போனேன். யாரைப் பார்த்து வயிறு எரிந்ததோ, அவருடைய கண்ணை நம்பித்தான் வீடுவரை ஓட்டிவந்தேன். வயிற்றெரிச்சல் மட்டும் அதனால் குறையவில்லை.

முதலாளி சொன்னபடியே நடந்தது. அவருடைய சிநேகிதர்களின் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன, எல்லோரும் "இத்தாலி வண்டி வித்தவருங்களா?" என்று கேட்டு வந்தது மச்சானைத்தான். அத்தனையையும் ஓட்டிக் காட்டியது நான். இப்போது அவருக்கு எழுபது நெருங்குகிறது. கண்ணில் அறுவை செய்திருக்கிறார்கள். எங்கள் சாதாரண வண்டியில் இடப்பக்கம் உட்கார்ந்து வருகிறார். அங்கிருந்து எதிரே வருவது தெரியாது என்றாலும், லாரி வந்தால் பழக்கதோஷத்தில் "போங்க மாப்ள" என்கிறார். கடைக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நீங்க ஓட்டுனதுங்களா?" என்று அவரைக் கேட்பார்கள். அவர் என்னைக் கைகாட்டுவார். அடக்கத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் போவார்கள்.

ஈரோடு போய்வந்த மறுநாள் காலை நான் தண்ணீர் பிடிக்கவில்லை, செய்தித்தாளை எடுக்கவில்லை. எழுந்ததும் முதல் வேலையாகக் கடையை ஒட்டிய கொட்டகைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினேன். இத்தாலி வண்டியின் வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். கண்ணாடியை இறக்கி, முழங்கையைச் சன்னலில் வைத்தேன். மொபெட்டில் பால் கேன்களோடு வந்த பால்காரர் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, நேத்து இதைய ஓட்டிட்டுப் போனாரே, அந்த அண்ணன் இன்னிக்கு வர்லீங்களா?"

"வருவாருங்க" என்றேன். கையை மட்டும் சன்னலிலிருந்து எடுக்கவில்லை.